பிரகடனத்தையே படிக்கலாமே

ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, தென் மாநிலங்கள் பிரிந்தது 'மாநில உரிமை'க்காகவே என்று முடித்திருந்தது வருத்தமளிக்கிறது. 1860 டிசம்பரில் தென் கரோலினா மாநிலம் வெளியிட்ட பிரிவினைப் பிரகடனம் மாநில இறையாண்மையைப் பேசினாலும், அதன் மனக்குறை வேறு. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வட மாநிலங்கள் மறுக்கின்றன, அடிமையை அழைத்துக்கொண்டு தம் மாநிலம் வழியாகக் கடந்துபோகக்கூட நியூயார்க் நீதிமன்றங்கள் விடவில்லை என்பதே அது. பிற மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அதன் கண்ணில் குற்றம்! 1861இல் பிரிந்தவர்கள் எழுதிய அரசியல் சாசனமோ, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று தங்கள் நாடாளுமன்றத்துக்கே தடை போட்டது.

அந்தப் பிரகடனத்தைத் தமிழாக்கி மேல்நிலை வகுப்பில் படிக்கக் கொடுத்திருக்கிறேன். இறக்குமதி வரியே பிரிவினைக்குக் காரணம் என்று எங்கோ படித்திருந்த ஒரு மாணவி, தாளை இருமுறை புரட்டிவிட்டு, "ஐயா, அது இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இல்லவே இல்லை. இத்தகைய கட்டுரைகளுடன் மூல ஆவணத்தின் ஓரிரு பத்திகளையும் பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி