அடிபம்படியில் ஒரு குடக்காரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குட்டி பொம்மைத் தெருக்கலைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லண்டன் தெருக்களில் 2006 முதல் பொம்மை மனிதர்களை வைத்துவிட்டுப் போகும் கலைஞர் ஸ்லிங்கச்சுவைப் பற்றி விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில், நம் ஊர் நெரிசலில் யார் குனிந்து பார்ப்பார்கள், இங்கே இதெல்லாம் எடுபடாது என்று முடித்துவிட்டீர்கள். அங்கேதான் உங்களோடு எனக்கு வழக்கு.

ஒரு நாள் எங்கள் வடசென்னைப் பக்கம் நடந்து பாருங்கள். இங்கே எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறோம். தோண்டி மூடாத பள்ளம், மூடி காணாமல் போன வடிகால், கன்டெய்னர் லாரி ஏறி நொறுங்கிய ரோட்டோரம், போதாததற்கு மாட்டுச் சாணி. நிமிர்ந்து நடந்தால் மாவுக்கட்டுதான். சுவரில் வரையும் பெரிய பெரிய ஓவியங்கள் பஸ்ஸில் போகிறவர்களுக்கு. நடக்கிறவர்களின் கண் எப்போதும் கீழேதான். பொம்மை வைக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்குமா?

சும்மா சொல்லவில்லை. போன வருஷம் கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது, கொலுவுக்காக அமைத்த குட்டிப் பார்க்கில் வைத்திருந்த குடக்காரி ஒருத்தியை என் பேரன் எடுத்துக்கொண்டு ஓடினான். ஒரு இன்ச் உயரம், இடுப்பில் குடம், மூக்கு லேசாக உடைந்திருந்தது. தெருவிலுள்ள அடிபம்பு மேடையின் விளிம்பில் அவளை நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் அடிக்க வந்த பெண்களில் ஒருத்தி, "இவ எப்ப வந்து வரிசை புடிச்சா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. அன்று சாயங்காலமே பிள்ளைகள் பேஸ்ட் மூடிகளைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் குடங்கள் மாதிரி வரிசையாக அடுக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் யாரோ அவள் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் காலடியில் கற்பூரம் எரிந்த கறை. "விட்டா கோயில் கட்டிடுவாங்க அத்தை" என்று என் மருமகள் பயந்தாள். நம் ஊரில் பொம்மை திருடு போய்விடும் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். சாமியாகிவிடுமோ என்பதுதான் என் கவலை. நல்லவேளை, ஐந்தாம் நாள் ராத்திரி அடித்த ஐப்பசி மழையில் குடக்காரியும் போனாள், மூடிகளும் போயின. ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இரண்டு நாள் வரை குடம் வைக்க வந்தவர்கள் அந்த விளிம்பை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள்.

இந்தக் கலை வேலை செய்வதே அளவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்லிங்கச்சு எடுத்துக்கொள்வது, குட்டி மாடல் ரயில் செய்கிறவர்களுக்கான பொம்மைகளை. அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற 1:87 கணக்கில் ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டான். அவன் பக்கத்தில் தேங்கிய தண்ணீர் ஏரியாகிவிடும், சோடா மூடி படகாகிவிடும். அவர் கிட்டத்தில் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம் எடுப்பார். கிட்டத்துப் படத்தில் அந்த ஆளுக்கு ஒரு முழு உலகம் இருக்கும். தள்ளி எடுத்ததில் ஆளையே தேட வேண்டும். ஸ்பெயின் சிற்பி ஐசக் கோர்டால் சிமெண்டில் செய்யும் கோட்டுப் போட்ட ஆண்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சலிப்புதான். எல்லாம் ஒரே சோக முகம். ஆனால் அவர்களைக் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்த படங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு வெறும் வேடிக்கை அல்ல.

இது வெளிநாட்டுச் சரக்கு என்ற உங்கள் கட்டுரையின் தொனியும் எனக்கு ஒப்பவில்லை. தெருமணலில் சிற்றில் என்ற விளையாட்டு வீடு கட்டிய பெண்களும் அதைக் காலால் எத்திவிட்டுப் போன பையன்களும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறார்கள். டிசம்பரில் ராயபுரம் பக்கம் வந்தால் சந்துக்குச் சந்து கிறிஸ்துமஸ் குடில் இருக்கும். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் டைனோசர் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் இதை 'அழகுபடுத்தும் திட்டம்' ஆக்கிவிட வேண்டாம். போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் 2005 முதல் வெண்கலக் குள்ளர்களைத் தெருத்தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே அதற்கு ஒரு கதை உண்டு. 1980களில் அரசை எதிர்த்தவர்கள் சுவரில் வரைந்த குள்ளர்களின் வாரிசுகள் அவை. இங்கே செய்தால் குள்ளனைச் சுற்றி ஸ்டீல் கம்பி வேலி, மேலே குள்ளனைப்போல் பத்து மடங்கில் திறப்பு விழாக் கல்வெட்டு. அப்புறம் குனிந்தால் கல்வெட்டுதான் தெரியும்.

அந்த ரயில் பொம்மைகள் வந்து இறங்கவும் எங்கள் பேட்டைதான் சரி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்த ஸ்டேஷன் மதில் இடுக்கில் டிரங்குப் பெட்டியோடு இரண்டு சென்டிமீட்டர் பயணி ஒருவரை உட்கார வைக்க எனக்கே ஆசை. முழங்கால் வலிதான் தடுக்கிறது.

பேரன் இப்போது கொலு கிரிக்கெட் செட்டிலிருந்த அம்பயரைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறான். தெருமுனையில் கேரம் ஆடும் இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறேன். அங்கேதான் தினமும் சண்டை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21