வத்தல் பொட்டலத்தோடு ஒரு கடிதம்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். சம்பா நட்டு முடித்தாயிற்று. உன் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. ஊர்க்கதை இவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டே நிமிஷம் பேசிவிட்டு போனை வைத்துவிட்டாய். வேலை இருந்திருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. ஜெர்மனியில் உன் கோப்லென்ஸுக்குப் பக்கத்தில் பியூஷெல் என்று ஒரு விமானப்படைத் தளம் இருக்கிறதாமே. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள தூரம்தான் இருக்கும். அங்கே அமெரிக்காவின் பி-61 அணுகுண்டுகள் இருப்பது ஊர் உலகத்துக்கே தெரியும், இரண்டு அரசும் மட்டும் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லாது. நம் வீட்டிலும் சில விஷயங்கள் அப்படித்தானே.

குண்டு அமெரிக்காவுடையது. சண்டை என்று வந்தால் தூக்கிக்கொண்டு பறக்கும் விமானமும் விமானியும் ஜெர்மனியுடையவை. வாஷிங்டனிலிருந்து அதிபர் சரி என்று சொன்னால்தான் பூட்டுத் திறக்கும். எங்கள் ஆளைத் தொட்டால் சும்மா விடமாட்டோம் என்று எதிரியைப் பயத்தில் வைத்திருப்பதுதான் சூட்சுமம். இதில் எதிரி நம்பினால் மட்டும் போதாது. அமெரிக்கா பிடிக்கிற அந்த அணுகுண்டுக் குடைக்குள் நிற்கிறவனும் நம்ப வேண்டும்.

பிரான்ஸின் அதிபராக இருந்த டி கால் நம்பவில்லை. பாரிஸுக்காக நியூயார்க்கைப் பறிகொடுக்கத் தயாரா என்று 1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடியிடம் நேரிலேயே கேட்டார். அதற்கு முந்தின வருஷமே சஹாராவில் சொந்தக் குண்டை வெடித்துப் பார்த்தாகிவிட்டது. 1966-ல் அமெரிக்காவோடு சேர்ந்த நேட்டோ கூட்டணியின் ராணுவ அமைப்பை விட்டே வெளியே வந்தார். பிடிவாதக்காரர் என்பார்கள். எனக்கென்னவோ அவர் நம்மைப் போலக் கடைமடைக்காரராகத்தான் தெரிகிறார். உனக்கு விட்டுவிட்டுத்தான் நான் பாய்ச்சுவேன் என்று மேல்மடைக்காரன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வான். வெயில் ஏறினால் யார் வயல் முதலில் நனையும் என்று நமக்குத் தெரியாதா? 2018-ல் உச்ச நீதிமன்றமே காவிரியில் நமக்கு 177.25 டிஎம்சி என்று எழுதிக் கொடுத்தது. 2023-ல் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தும் குறுவை கருகியது. தென் கொரியாவும் அதே வருஷம் ஏப்ரலில் வாஷிங்டனுக்குப் போய், அணுகுண்டுக் குடை உனக்கும் உண்டு என்று இன்னொரு முறை வாக்கு எழுதி வாங்கிக்கொண்டு வந்தது. முன்பே கொடுத்த வாக்குத்தான். ஒரே வாக்கை எத்தனை தடவை வாங்குவது?

சரி, இதை நீ என்ன செய்ய முடியும். பத்து நாளைக்குச் சாப்பாடு வீட்டில் வைத்துக்கொள்ளும்படி ஜெர்மன் அரசே 2016-ல் மக்களிடம் சொன்னதாம். வைத்திருக்கிறாயா? கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள். பாஸ்போர்ட் உன் கையிலேயே, உன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் டீக்கடையில் நான்தான் சத்தமாகப் பேசுகிறவன். ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை வாங்கினாள் என்று. ஆனால் கனடாவில் இருக்கும் மாமா பெண் தினம் வீடியோவில் வந்து அவள் அம்மாவோடு கறிகாய் நறுக்குகிறாள். உனக்கு மட்டும் நேரமில்லை. சாப்பாடு வைத்துக்கொள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே.

அந்த 2023 ஆடிக்குத்தான் நீ வந்திருந்தாய். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, நான் திரும்பிப் போகலைன்னா என்னப்பா ஆகும் என்று கேட்டாய். நான் இருக்கேன், பயப்படாதே என்றேன். காலையில் சம்பந்தி வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் பேச்சு ஆரம்பித்ததும், தண்ணி வந்துடுச்சாம், மடையைப் பார்த்துட்டு வந்துடறேன் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் திரும்பி வந்தபோது நீ பெட்டி கட்டி முடித்திருந்தாய். எதுவும் சொல்லாமல் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கார் ஏறினாய்.

அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீரே இல்லை பாப்பா. வரப்பில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். மண்வெட்டியில் ஈரம் இல்லையே.

என்ன பேசுவது என்று தெரியாமல் போனேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். சம்பந்தி முகம் சுளிப்பாரே, ஊர் என்ன சொல்லும் என்றுதான் போனேன். டி காலைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, கென்னடி இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

அத்தை எல்லாம் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் விடாமல் துருவித் துருவிக் கேட்டேன். புது வீட்டு முகவரியும் அவள் கொடுத்ததுதான். உறையைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். பதில் எழுத வேண்டும் என்று இல்லை. சம்பந்தியிடம் நேற்று நானே போனில் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று நீ கேட்கும்போது சொல்கிறேன். இந்தத் தடவை மண்வெட்டியை எடுக்கவில்லை.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பார்சலில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வத்தல் மூன்றும் இருக்கும். கொத்தவரங்காய்ப் பொட்டலத்துக்குள் வாசல் கதவுச் சாவி ஒன்று வைத்திருக்கிறேன். எண்ணெயில் போடும் முன் எடுத்துவிடு.

அப்பா