செக்ரோலும் கருந்துளையும்

சுங்கை சிப்புட்
ஞாயிறு, விடாத மழை

அன்புள்ள ஒல்லி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்சாப்பில் மூன்று வரியில் முடிவதை நீ இன்னும் தபாலில் மூன்று பக்கம் எழுதுகிறாய். எழுது, எனக்கும் படிக்க வேறென்ன இருக்கிறது?

ரப்பர் தோட்டம் கைமாறியபோது, வேலைக்கு வந்த ஆள் பேரெல்லாம் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள் என்று படித்ததும் வயிறெரிந்தது. உன் அப்பா பேர் இருந்த ஒரு வரி கிடைத்திருந்தாலே அக்காவின் அடையாள அட்டைக்கு உதவியிருக்கும். அதே கடிதத்தின் கடைசியில், "எல்லாத்தையும் முழுங்குற கருந்துளை எப்படிடா வெளிச்சம் விடும்? நீதானே வாத்தியாரு" என்று கேட்டிருக்கிறாய். செக்ரோல் எரிந்ததும் இந்தக் கேள்வியும் ஓரிடத்தில் போய் முட்டும், பொறு.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். படிவம் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காலமெல்லாம் நான் சொன்ன கதை இது: வெற்றிடத்தில் துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும், கருந்துளையின் விளிம்பில் ஒன்று உள்ளே விழும், மற்றது தப்பி ஓடிவரும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்ன கதைதான். ஆனால் அது புரியவைக்கப் போட்ட படம் மட்டுமே என்று அவரே 1975 கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். நான் படத்தைப் பிடித்துக்கொண்டேன், எச்சரிக்கையை விட்டுவிட்டேன்.

அவர் போட்ட கணக்கு வேறு. அணு உலகின் விதிகளான குவாண்டம் கணக்குப்படி, வெற்றிடம் என்றாலும் அலைகளின் நடுக்கம் அதில் ஓயாது. நட்சத்திரம் சரிந்து கருந்துளையாகும்போது, அதன் வழியாகக் கடைசி நேரத்தில் தப்பிய அலைகள் படுமோசமாக இழுபட்டு வெளியே வருகின்றன. சரிவதற்கு முன் "ஒன்றுமில்லை" என்று கணக்கான அதே நிலை, சரிந்த பிறகு தூரத்தில் நிற்பவனுக்கு "ஏதோ இருக்கிறது" என்று படுகிறது. அந்த ஏதோதான் வெப்பக் கதிர்வீச்சு. விளிம்பில் ஒரு புள்ளியைக் காட்டி, "இங்கிருந்துதான் துகள் கிளம்பியது" என்று சொல்லவே முடியாது. சூரியன் எடையுள்ள கருந்துளையின் குறுக்களவு சுமார் 6 கிலோமீட்டர். அது விடும் கதிரில் ஓர் அலையின் நீளமோ பல பத்துக் கிலோமீட்டர். இங்கே தொடங்கினால் ஈப்போவைத் தாண்டித்தான் ஓர் அலை முடியும். துளையைவிட அலை பெரியது! அப்புறம் எங்கே விளிம்பைத் தேடுவது?

அந்தக் கருந்துளையின் வெப்பமும் அற்பம்தான். ஒரு டிகிரியைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு, அதுவும் இதற்குக் கீழே குளிரே இல்லை என்ற அடிமட்டச் சுழியத்துக்கு மேலே. பிரபஞ்சமே அந்தச் சுழியத்துக்கு மேலே 2.7 டிகிரியில் (2.7 கெல்வின்) இருப்பதால், இன்றைக்குக் கருந்துளை விடுவதைவிட வாங்குவதுதான் அதிகம். விடத் தொடங்கினால் வேடிக்கை. நம் தே தாரே டீ ஆற ஆறக் குளிரும். இது ஆற ஆறக் கொதிக்கும். எடை குறையக் குறையச் சூடு ஏறி, கடைசியில் ஆவியாகிவிடும். அதற்கு ஆகும் வருஷத்தை எழுத, ஒன்றுக்குப் பின்னால் 67 சுழியம் போட வேண்டும்.

இப்போது செக்ரோலுக்கு வா. நெருப்பில் எரிந்த புத்தகத்தில் இருந்த தகவல் குவாண்டம் விதிப்படி அழியவில்லை. புகை, சாம்பல், தணலின் வெளிச்சம் எல்லாவற்றையும் ஓர் அணுவிடாமல் சேர்த்தால் அப்பா பேரைத் திரும்பப் படிக்கலாம். யாராலும் முடியாது என்பது வேறு கதை. ஆனால் கருந்துளைக்குள் போட்டால்? செக்ரோலைப் போட்டாலும் அதே எடைக்கு ஒட்டுப்பால் ரப்பரைப் போட்டாலும் வெளியே வரும் வெப்பம் ஒன்றுதான். அது ஆவியான பின் எழுத்து நிஜமாகவே போய்விட்டது என்று 1976ல் ஹாக்கிங் சொன்னார். 1997ல் பிரெஸ்கில் என்ற இயற்பியலாளரோடு இதற்குப் பந்தயமே கட்டினார். 2004ல் டப்ளினில் தோல்வியை ஒத்துக்கொண்டு, பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொடுத்தார். ஹாக்கிங் பக்கம் நின்று பந்தயம் கட்டிய இயற்பியலாளர் கிப் தோர்ன் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 2019ல் வந்த கணக்குகளும், தகவல் கதிரோடு வெளியே வந்துவிடும் என்ற பக்கமே சாய்கின்றன. எப்படி வருகிறது என்பதில் இன்னும் சண்டைதான். எனக்கென்னவோ அவர் தோற்றதைவிட, அத்தனை வருஷம் முரண்டு பிடித்ததுதான் பிடித்திருக்கிறது. அந்த முரண்டு இல்லாவிட்டால் மற்றவர்கள் இவ்வளவு மண்டையை உடைத்திருக்க மாட்டார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட கிராணி (ஆபீஸ் எழுத்தர்) ஐயா கோயிலுக்குப் பின்னால் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். உன் அப்பா பேரை இரண்டு தடவை கத்திச் சொன்னேன். "மூணாவது லயம், கடைசி வீடு. இடக்கையால பால் வெட்டுவான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாக்குமூலம் எடுபடுமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் பள்ளிக்கூடக் காகிதங்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வா. பதினோரு மணிக்குள் வந்துவிடு. சாப்பிட்டதும் ஐயா தூங்கிவிடுவார்.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரன்