செண்பகத்துக்கு, உப்பும் எடையும் பற்றி

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. பேத்தி பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைப் படித்துவிட்டு உன் அண்ணனிடம் சத்தமாகச் சொன்னேன், அவருக்கும் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அடுத்த பக்கத்துக்கு வந்தேன். "எட்டு நாளாக உப்பே சேர்ப்பதில்லை, இரண்டரை கிலோ இறங்கிவிட்டது, நீயும் செய்து பார்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வரி தள்ளி, காலையில் எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்டது என்று உனக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. எனக்குப் படித்ததும் பக்கென்றது. அதனால்தான் மற்ற சேதியெல்லாம் பிறகு என்று இதை முதலில் எழுதுகிறேன்.

எட்டு நாளில் இறங்கிய அந்த இரண்டரை கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் உன் அண்ணனுக்கு இதயம் பலவீனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோது, தாதி எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னார். காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும். அன்றிலிருந்து எங்கள் அடுப்படிக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலால் அவர் எடை இருக்கும்.

மார்ச்சில் இங்கே சிங்கப்பூரில், தெம்பனீசில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர்கள் மனம் கோணக்கூடாது என்று அப்பளம், மாங்காய் ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் இலையில் விழ விழச் சாப்பிட்டார். மறுநாள் கீழே கோப்பிக்கடையில் பழைய வேலைத்தோழர்களோடு ஒரு தட்டு மீ கோரெங், அதுதான் வறுத்த நூடல்ஸ். சனிக்கிழமை காலை 68.2 இருந்தவர் திங்கட்கிழமை 69.6, செவ்வாய்க்கிழமை 70.4. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேரவேண்டுமென்றால், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் அதற்கு வழியே இல்லை. காலுறையைக் கழற்றச் சொல்லி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. பத்து எண்ணி முடித்தும் மேலே வரவில்லை. உடனே போன் செய்தேன். சிறுநீரை அதிகமாகப் போகவைக்கிற நீர் மாத்திரையை நான்கு நாளுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை 68.4.

முகம் உப்பிப்போச்சு, கால் உப்பிப்போச்சு என்கிறோம் இல்லையா, அந்த வார்த்தையின் முழு அர்த்தமும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் இரத்தத்திலும், செல்களுக்கு வெளியே இருக்கிற நீரிலும் உப்பு கிட்டத்தட்ட அந்தப் பதத்தில்தான் இருக்கும். உடம்பு அந்தப் பதத்தைக் கூடவும் விடாது, குறையவும் விடாது. 9 கிராம் உப்பு வெளியே போகாமல் தங்கிவிட்டால் அதற்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நல்ல சிறுநீரகம் இருப்பவர்களுக்கு அதிகமான உப்பு சில நாளில் வெளியேறி, தண்ணீரும் கூடவே போய்விடும். இவருக்கு இதயம் தள்ளுகிற வேகம் குறைவு என்பதால், உடம்பு தண்ணீர் பற்றவில்லை என்று தப்பாக நினைத்து உப்பையும் நீரையும் சேர்த்துச் சேர்த்து வைக்கிறது. உனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். உப்பை அடியோடு நிறுத்தினாய், பிடித்து வைத்திருந்த தண்ணீரை உடம்பு விட்டுவிட்டது. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் அதில் பாதி திரும்ப வந்துவிடும். அப்போது நீ மனம் உடைந்துபோகக் கூடாது, இப்போது ஏமாறவும் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்படியானால் உப்புக்கும் பருமனுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது சுற்றி வருகிற வழி. ஆஸ்திரேலியாவில் 48 பேருக்கு மக்ரோனியை உப்பு குறைத்தும் கூட்டியும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. உப்பு கூடிய தட்டில் அவர்கள் 11 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு உருளைக்கிழங்கு வறுவல்தான் ஞாபகத்துக்கு வந்தது, உப்பு உறைப்பாக இருக்கிற அன்றைக்குச் சோறு இன்னொரு கை கூட இறங்கும். பிரிட்டனில் குழந்தைகளை வைத்து 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, உப்பு அதிகம் சாப்பிடும் பிள்ளைகள் இனிப்புப் பானமும் அதிகம் குடிக்கிறார்கள் என்று சொன்னது. இங்கே மத்தியான நேரத்தில் எந்த உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்தாலும் கண்ணால் பார்க்கலாம், மீ கோரெங் தட்டுக்குப் பக்கத்தில் பால் சேர்த்த ரோஸ் நிறப் பண்டோங் ஒரு பெரிய கிளாஸ். உப்புக்குக் கலோரி கிடையாது. அது கையைப் பிடித்துக் கூட்டி வருகிற சோற்றிலும் எண்ணெயிலும் சீனியிலும்தான் கலோரி இருக்கிறது. நீ உண்மையாகவே இறங்க வேண்டுமென்றால் கவனிக்கவேண்டியது அந்த இடத்தை.

செண்பகம், நீ பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். வெயிலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். வியர்வையிலும் உப்பு போகும், சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரிலும் உப்பை வெளியேற்றும். நம் வயதில் இரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைசுற்றல், தடுமாற்றம், விழுந்து எலும்பு முறிவது வரை போகும். தயவுசெய்து இந்த வாரமே டாக்டரிடம் போய், எட்டு நாள் உப்பை நிறுத்தினேன், தலை கிறுகிறுக்கிறது என்று ஒளிக்காமல் சொல். படுத்து ஒரு தரம், எழுந்து நின்று ஒரு தரம் பிரஷர் பார்க்கச் சொல். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, தட்டையாக ஒரு டீஸ்பூன். சுத்தமாக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே எங்களுக்கு வேறு மாதிரிக் கவலை. 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுவதாக வந்தது. உப்பாக மாற்றினால் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஒரு லிட்டர் சலைனில் இருக்கிற உப்பு அவ்வளவும் தினம் ஒருவர் வயிற்றுக்குள் போகிறது. இதில் பெரும்பகுதி சோயா சாஸிலும் சூப்பிலும் குழம்பிலும் நூடல்ஸிலும் மறைந்து வருகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. 2027 நடுவிலிருந்து சாஸ், உடனடி நூடல்ஸ் பாக்கெட்டுகளிலும் ஏ, பி, சி, டி என்று தரக்குறி வரப்போகிறது. நல்ல காரியம். அதுவரைக்கும் நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.

மருமகள் நல்ல மனசோடு இந்துப்பு வாங்கி வந்தாள். நிறம் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே சோடியம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள், பலருக்கு நல்லது. இவர் சாப்பிடும் இதய மாத்திரை ஏற்கனவே பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் அது எங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். உன் சிறுநீரகம் எப்படி என்று தெரியாமல் நீயும் அதைத் தொடாதே.

உப்பை இவ்வளவு எண்ணி எண்ணிப் போடுகிறபோது சில நாள் நெஞ்சை அடைக்கிறது. வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளி உப்பளத்து வரப்பில் செருப்பில்லாமல் ஓடினவர்கள் நாம். கோடையில் பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும், உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபி பக்கம் நின்றுகொண்டு உன் தாத்தா, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்தவர்களுக்கு ஊர் ஜனங்கள் ஒளித்து ஒளித்துச் சோறு போட்ட கதையைச் சொல்வார். ஒரு பிடி உப்புக்காக அடிவாங்கிய ஊரில் பிறந்துவிட்டு, உப்பைப் பகையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அளவோடு வைத்துக்கொள்ளத்தான் பழகுகிறேன்.

அவருக்கு நாக்கு மரத்துப்போகாமல் இருக்கப் புளியும் மிளகும் எலுமிச்சையும்தான் கைகொடுக்கின்றன. முதல் மூன்று வாரம் ரசத்தைத் தொட்டுவிட்டு ஒதுக்கினார். இப்போது வெளியே சாப்பிட்டால் "கரிக்கிறது" என்கிறார்.

உன் தம்பி மகன் அடுத்த மாதம் வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் ஒரு கிலோ புதுப்புளி கொடுத்து அனுப்பு. இங்கே தேக்கா சந்தையில் கிடைப்பது நம் ஊர்ப் புளி மாதிரி இல்லை. பானையில் அடைப்பதற்கு முன்னால் எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடு, கல் உப்பு தூவாமல் கொட்டை நீக்கி உருட்டினால் போதும். பூச்சி வந்துவிடும் என்று யோசிக்காதே, வந்த அன்றே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் அவனிடமே ஒரு சீட்டில் எழுதிக் கொடு.

அன்புடன்,
சரோஜா
ஈசூன்