உரிந்த விரல் நுனி

கயல் கண்ணுக்கு,

சின்ன வயசில் எனக்கு வந்த காய்ச்சலுக்குப் பேர் என்னம்மா, இங்கே டாக்டர் கேட்கிறார் என்று நேற்று கேட்டாய். கவாசாகி நோய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு அப்போது மூன்று வயது. ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. பீளை இல்லாமலே கண் சிவந்திருந்தது. உதடு வெடித்து, நாக்கு செக்கச்செவேலென்று புள்ளி புள்ளியாக இருந்தது. பாட்டி, அம்மை என்று வேப்பிலை செருகிவிட்டார். முதலில் பார்த்த டாக்டரும் தட்டம்மைதான், தானாகப் போய்விடும் என்றார். மனசு கேட்காமல் ஆறாம் நாள் இன்னொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் உன் வீங்கின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே இதயத்துக்கு எக்கோ என்கிற ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காய்ச்சலுக்கு எதற்கு எக்கோ என்று எனக்குப் புரியவில்லை. நீ தேறின பிறகுதான் தேடிப் படித்தேன்.

1961 ஜனவரியில் டோக்கியோ செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைக்கு நாலு வயதுப் பையன் ஒருவன் வந்தான். உனக்கு இருந்த அதே அடையாளங்கள். பார்த்தவர் டொமிசாகு கவாசாகி என்ற குழந்தை டாக்டர். தொண்டை வலியோடு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம், ஆனால் அது பொருந்தவில்லை. பையன் குணமாகிப் போனபோது, நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே எழுதி வைத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். ஏதோ ஒரு பேரைப் போட்டு மூடியிருந்தால், அடுத்த வருஷம் இன்னொரு குழந்தை அப்படியே வந்தபோது முதல் பையன் நினைவுக்கு வந்திருப்பானா?

ஏழு குழந்தைகளைச் சேர்த்து மாநாட்டில் பேசினார். இது புது நோய் என்று பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பின்விளைவு இல்லாமல் தானாக ஆறிவிடும் என்றுதான் அவரும் அப்போது நினைத்தார். ஆனால் இறந்த ஒரு குழந்தையின் பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய் அடைத்திருந்ததை நோபோரு டனாகா என்ற நோய்க்குறியியல் டாக்டர் 1965-லேயே கண்டிருந்தார். 1970-இல் ஜப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோது அப்படிப் பத்து மரணங்கள் தெரியவந்தன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் புடைத்துவிடுகிறது. உள்ளே ரத்தம் உறைந்தால் அடைப்பு. உனக்கு எக்கோ எடுத்தது இதற்குத்தான்.

மருந்தும் ஜப்பானிலிருந்துதான் வந்தது. இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம் பலன் தருவதை 1984-இல் ஃபுருஷோ என்பவர் காட்டினார். சிகிச்சை இல்லாவிட்டால் நாலு குழந்தையில் ஒன்றுக்குக் குழாய் புடைக்கும். பத்து நாளுக்குள் மருந்து ஏறினால் நூற்றுக்கு நாலைந்துதான். உனக்கு ஏழாம் நாள் ஏறியது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுப்பது அது. சொட்டுச் சொட்டாக இறங்கியதை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து உன் நகத்தடியில் தோல் உரிந்து கையோடு வந்தது. இதுவும் இந்த நோயின் அடையாளம்தான் என்றார் டாக்டர். எது ஆரம்பித்து வைக்கிறது என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. கவாசாகி 2020-இல் தன் 95-ஆம் வயதில் காலமானார்.

எக்கோ ரிப்போர்ட் மூன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மூன்றிலும் குழாய் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவிடம் சொல்லி நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன், டாக்டரிடம் காட்டு. அப்புறம் என்ன சொன்னார் என்று போன் பண்ணு.

அம்மா