ஞாயிறு உரையாடல்: மூளைச்சாவும் ஜப்பானின் தயக்கமும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு நரம்பியல் அறவியல் குறித்துப் பேசவிருக்கிறோம். பேச்சு எங்கெங்கோ சிதறாமலிருக்க ஜப்பானை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1968இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று, மூளை முற்றிலும் செயலிழப்பதை, அதாவது மூளைச்சாவை, மரணத்தின் அளவுகோலாக முன்வைத்தது. அதே ஆண்டு ஜப்பானின் சப்போரோ நகரில் மருத்துவர் வாதா ஜுரோ செய்த இதயமாற்று அறுவைச் சிகிச்சையில், இதயம் அளித்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற ஐயம் எழுந்து, கொலைப் புகார் வரை சென்றது. வழக்குத் தொடரப்படவில்லை, ஆனாலும் உறுப்புமாற்றுச் சட்டம் வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டமும், ஒருவர் எழுத்தில் சம்மதம் தந்து, குடும்பத்தாரும் மறுக்காதபோது மட்டுமே மூளைச்சாவு நிலையில் உறுப்புகளை எடுக்க அனுமதித்தது. 2009இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அவர் முன்பே மறுத்திராவிட்டால் குடும்பத்தின் எழுத்துச் சம்மதமே போதும் என்றாக்கியது.

இத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கருவியின் துணையோடுதான் என்றாலும் மார்பு ஏறி இறங்க, வெதுவெதுப்பாகக் கிடக்கும் உடலை உறவினர் பிணமென்று ஏற்க மறுப்பதில், மரணம் ஒரு நொடியில் முடிவதன்று என்ற நெடுநாளைய அறிதல் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் உறுப்பினர்கள் அவசியம் கலந்துகொள்ள வேண்டுகிறேன். நோயாளிகளின் விவரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.