இளவயதில் அக்கி வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த அக்கி பற்றிய கட்டுரையில் வலி, களிம்பு, பத்தியம் எல்லாம் இருந்தன. முப்பது வயதுக்காரருக்கு அக்கி ஏன் வருகிறது என்ற கேள்விதான் இல்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

சின்னம்மை போன பிறகும் அதன் கிருமி நரம்பு வேரில் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது உடம்பின் ஒரே பக்கத்தில் கொப்புளமாக வெளிவரும். முதுமையில் வந்தால் வயதின் தளர்ச்சி எனலாம். இளவயதில் வந்தால், எதிர்ப்புச் சக்தியை எச்.ஐ.வி. குறைத்திருக்கிறதா என்று அதற்கான பரிசோதனையும் செய்துகொள்வதே நல்லது.

எங்கள் வார்டில் இருந்த ஒரு தறித் தொழிலாளியை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் விலாவில் அக்கி. குயவர் வீட்டில் காவி எழுதினார்கள், காய்ந்தது. (எழுதாவிட்டாலும் சில வாரங்களில் காய்ந்துவிடும்.) பிறகு வாயில் வெள்ளை. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை கொடுத்தார்கள், மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் வாங்கினார்கள். அது வாய்ப்புண்ணே அல்ல, பூஞ்சை. அண்ணத்திலும் உள்கன்னத்திலும் தயிர்த் திட்டுப் போலப் படியும். பஞ்சால் துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். சோறு விழுங்க முடியாமல், சட்டை தொளதொளக்க, இருமிக்கொண்டு எங்களிடம் வந்தபோது காசநோயும் பற்றியிருந்தது. பரிசோதித்தால் எச்.ஐ.வி.; அது அழிக்கும் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 100-க்கும் கீழே. நலமாக உள்ளவருக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டியவை. அவர் பிழைக்கவில்லை. "அக்கி வந்தப்பவே ரத்தம் எடுத்துப் பாத்திருக்கலாமேக்கா" என்று அவர் மனைவி கேட்டார்.

அக்கியோ வாயில் வெள்ளையோ வந்தவர்களுக்கெல்லாம் எச்.ஐ.வி. என்று யாரும் பயப்பட வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இழுப்பவர்களுக்கும் வாயில் வெள்ளை படியும். ஆனால் காரணம் தெரியாமல் எடை குறைந்தாலோ, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சலோ பேதியோ நீடித்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, நம் சம்மதமில்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உடனே தொடங்கும் நடைமுறையும் அதே ஆண்டில் வந்துவிட்டது. முன்கூட்டியே தொடங்கியவர்கள் இன்று பேரன் பேத்தியோடு இருப்பதை நானே பார்க்கிறேன்.

வாயை முதலில் பார்ப்பவர்கள் பல் மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும்தான். மாத்திரை கொடுக்கும்போதே, ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். இதையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
ஈரோடு மாவட்டம்.